நாலாம் தொட்டியில் ஒரு பிடி சோடா

ஞானபாக்கியத்தின் பெயரைச் சொன்னாலே இராஜபாளையம் பேண்டேஜ் கம்பெனிகளில் முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து காலை ஏழே முக்கால் பஸ்ஸில் வருவாள். பக்கத்து சீட்டுக்காரன் பீடியைப் பற்றவைத்தால் அவன் வாயிலிருந்தே பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே எறிவாள். திருப்பிக் கேட்டவன் எவனும் இல்லை. கேட்டிருந்தால் இராஜபாளையம் வரும்வரை அவனுக்கு அர்ச்சனை நடந்திருக்கும்.

ரசாயனத்தில் பட்டம் வாங்கியவள். டீச்சர் வேலைக்கு மூன்று வருஷம் மனுப்போட்டுக் கிடைக்காமல், எண்பத்து மூன்றில் அழகியமணவாளனின் பேண்டேஜ் கம்பெனியில் துணி பரிசோதிக்கச் சேர்ந்தாள். அழகியமணவாளனும் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்தான். நெற்றியில் திருமண் இல்லாமல் கம்பெனிக்குள் காலெடுத்து வைக்கமாட்டார். ஆண்டாள் கோயில் காரியம் என்றால் கம்பெனியை மறந்துவிடுவார். மற்ற நேரத்தில் கம்பெனியைத் தவிர எதுவும் நினைவிருக்காது. கோபம் வந்தால் கத்தமாட்டார், சிரிப்பார். அவர் சிரித்தால் எதிரில் நிற்பவர் நைசாக நழுவப் பார்ப்பார்.

அங்கே வேலை இப்படி நடக்கும். தறியிலிருந்து வந்த பழுப்புத் துணியைப் பெரிய இரும்புக் கலத்தில் காரம் போட்டு அவிப்பார்கள். பிறகு பிளீச்சிங்கில் வெளுத்து, லேசான ஆசிட் தண்ணீரில் ஒரு முக்கு முக்கி, அந்த ஆசிட் போக நாலு தொட்டித் தண்ணீரில் அலசுவார்கள். அலசிய துணி கொல்லையில் கட்டியிருக்கும் கம்பிக்கொடிகளில் காயும். காய்ந்த துணியில் ஒரு துண்டைக் கத்தரித்துத் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை இரண்டு கிண்ணத்தில் பிரித்து ஊற்றி, கிண்ணத்துக்கொரு மருந்தாகச் சொட்டுவிடுவது ஞானபாக்கியத்தின் வேலை. முதல் கிண்ணம் ரோஜா நிறமானால் துணியில் காரம் மிச்சம் இருக்கிறது. இரண்டாவது கிண்ணத்தில் மருந்தின் மஞ்சள் சிவந்தால் ஆசிட் மிச்சம் இருக்கிறது. இரண்டும் அசையாமல் இருந்தால் துணி ஆஸ்பத்திரிக்குப் போகலாம், புண்ணில் வைத்துக் கட்டலாம். ஏழெட்டு வருஷம் அவள் கையெழுத்துப் போட்ட துணி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அந்தத் திமிர் அவளுக்கு இருந்தது, இருக்கவேண்டியதும்தான்.

தொண்ணூறாம் வருஷம் மேற்குச் சுவரை அடுத்த நூல் மில்லில் சொந்தமாகக் கரண்ட் எடுக்கும் நிலையம் ஒன்றைக் கட்டினார்கள். மின்வெட்டு நாளுக்கு நாலு தடவை வந்துகொண்டிருந்த காலம். தூத்துக்குடியிலிருந்து லாரி லாரியாக நிலக்கரி வந்தது. கரி எரிந்தால் கரண்டு மட்டும் வருமா? அதிலிருக்கும் கந்தகமும் எரிந்து புகையோடு ஏறும். அந்தப் புகை ஈரத்தைக் கண்டால் அதிலேயே ஒட்டிக்கொண்டு அமிலமாகும். அதைப் பிடிப்பதற்காகப் புகை போகிற வழியில் ஒரு கோபுரம் கட்டி, உள்ளே சுண்ணாம்புத் தண்ணீரை மழை மாதிரித் தூவவேண்டும் என்று நிபந்தனை போட்டுத்தான் மில்லுக்கு அனுமதி கொடுத்திருந்தார்கள். கோபுரம் கட்டினார்கள். ஊர்ப் பெரிய மனிதர்களை அழைத்து மாலை போட்டுத் தண்ணீரும் திறந்து காட்டினார்கள்.

மின்நிலையத்துக்குப் பொறுப்பு எஞ்சினியர் சம்பத்குமார். மடிப்புக் கலையாத சட்டை, பேச்சில் தேன். வந்த முதல் மாதத்திலேயே ஞானபாக்கியம் சுவரோரம் ஸ்டூல் போட்டு ஏறி நின்று அவனோடு சண்டை போட்டாள்.

"எங்க வெள்ளத் துணியில ஒங்க கரித்தூளு வந்து விழுது. கரியத் தார்ப்பாய் போட்டு மூடணும்னு தெரியாதா?"

"மூடிடறோம் மேடம். நீங்க ஸ்டூல்ல இருந்து விழுந்திராதீங்க."

அந்த ஒரு வார்த்தைக்காகவே அவனை அவள் ஆயுசுக்கும் வெறுத்தாள். ஆனால் தார்ப்பாய் போட்டான். தூள் நின்றது. கண்ணுக்குத் தெரிகிற அழுக்கு போனதும் அவளும் அந்தப் பக்கம் பார்ப்பதை விட்டுவிட்டாள். படித்தவள் செய்யக்கூடாத தப்பு அதுதான்.

அடுத்த வருஷம் ஆனி மாதம், மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று தொடங்கி நாலாவது நாள், இரண்டாவது கிண்ணம் சிவந்தது. மறுநாளும் சிவந்தது. வாரத்துக்கு மூன்று கட்டு துணி தேறவில்லை. அழகியமணவாளன் சிரிக்க ஆரம்பித்தார். ஞானபாக்கியம் நேராக அலசல் தொட்டிக்குப் போனாள்.

அலசலுக்குத் தலைமை ஆவுடையம்மாள். வயது ஐம்பதை நெருங்கும். ஞானபாக்கியம் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த காலத்திலேயே பேண்டேஜ் துணி அலச வந்தவள். இருபத்திரண்டு வருஷமாக அதே வேலை. தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி நாக்கில் வைத்தே ஆசிட் போயிற்றா இல்லையா என்று சொல்லுவாள். அதுவே ஞானபாக்கியத்துக்குப் பிடிக்காது. நாக்கு சொல்லிவிட்டால் பிறகு கிண்ணம் எதற்கு, தான் எதற்கு?

"எத்தன தொட்டியில அலசுன?" என்றாள்.

"நாலுலதாம்மா. என்னைக்கும் போல."

"ரெண்டுல முக்கிட்டு நாலுன்னு சொல்லுதியா? துணியில ஆசிட் அப்படியே நிக்கி."

"நிக்காதும்மா. அந்தக் கிண்ணத்த இங்க தூக்கிட்டு வாங்க. நான் அலசிப் போட்ட ஈரத் துணியில வச்சுப் பாருங்க. காஞ்ச பொறவு பாத்துட்டு எங்கிட்ட வந்து கேட்டா நான் என்னத்தச் சொல்ல?"

"ஈரத் துணிக்கு டெஸ்ட்டு கெடையாது. புஸ்தகத்தில காஞ்ச துணின்னுதான் போட்டிருக்கு."

"புஸ்தகம் எழுதுனவுக துணி அலசியிருக்காகளா?"

சுற்றி நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு ஞானபாக்கியத்தின் உச்சந்தலையில் போய் அடித்தது. அன்றே பதிவேட்டில் எழுதினாள்: 'அலசல் சரியில்லை. அலசல் தலைமை ஆவுடையம்மாளின் கவனக்குறைவு.' கீழே பட்டம் போட்டுக் கையெழுத்து. அழகியமணவாளன் அதைப் படித்தார், சிரித்தார், ஆடி முதல் வாரத்தில் ஆவுடையம்மாளை வீட்டுக்கு அனுப்பினார். அவள் முந்தானையைப் பிழிந்து உதறி இடுப்பில் செருகிக்கொண்டு வாசலைத் தாண்டினாள்.

அவள் இடத்துக்கு வீரணன் வந்தான். நல்ல ஆள், சொன்னதைச் செய்வான். நாலு தொட்டி என்றால் ஐந்தாவதும் அலசுவான். ஆனாலும் கிண்ணம் சிவந்தது.

இந்த இடத்தில் ஒரு நேர்மையான மனுஷி என்ன செய்திருப்பாள்? நான் தப்பு சொல்லிவிட்டேன், அந்த அம்மாளைக் கூப்பிடுங்கள் என்று முதலாளியிடம் போயிருப்பாள். ஞானபாக்கியம் நேர்மையானவள்தான். ஆனால் நேர்மையைவிட அவளுக்கு ரோஷம் ஒரு படி கூட. ஒருத்தியைத் துரத்திவிட்ட பிறகும் கிண்ணம் சிவக்கிறது என்று எந்த வாயால் சொல்வது? மறுநாள் காலை எல்லாருக்கும் முன்னால் வந்து, நாலாம் தொட்டியில் ஒரு பிடி சலவைச் சோடாவைப் போட்டுக் கலக்கினாள். காரத்தைப் போட்டால் அமிலம் அடங்கும், பள்ளிக்கூடப் பாடம். வீரணன் கேட்டதற்கு, தண்ணீரைச் சுத்தம்செய்கிற மருந்து என்றாள். அன்று கிண்ணம் அசையவில்லை. மறுநாளும் இல்லை. ஆடி பன்னிரண்டாம் தேதியிலிருந்து பதிவேடு துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

"பாத்தீங்களா, ஆள மாத்துனதும் எல்லாம் சரியாப் போச்சு," என்று அழகியமணவாளன் எல்லாரிடமும் சொன்னார். அது ஊர் முழுக்கப் பரவியது. எந்தப் பேண்டேஜ் கம்பெனியும் ஆவுடையம்மாளைச் சேர்க்கவில்லை. இருபத்திரண்டு வருஷம் அலசியவளுக்கு அலசத் தெரியாது என்று பெயராகிவிட்டது. மூன்று மாதம் அலைந்துவிட்டுக் கடைசியில் அவள் பக்கத்து மில்லில், அதே மின்நிலையத்தில், சுண்ணாம்புக் கொட்டகை வேலைக்குச் சேர்ந்தாள் என்று வீரணன் ஒருநாள் சொன்னான். ஞானபாக்கியம் கேட்காததுபோல் கிண்ணம் கழுவிக்கொண்டிருந்தாள்.

ஐப்பசி பிறந்தது. மேல்காற்று நின்று, கிழக்கே இருந்து கொண்டல் வீசத் தொடங்கியது. வழக்கம்போல ஒரு பிடி சோடா போட்டாள். மத்தியானம் முதல் கிண்ணத்தில் மருந்தைச் சொட்டினாள். தண்ணீர் ரோஜா நிறமாக விரிந்தது.

காரம். அவள் போட்ட சோடா அப்படியே துணியில் நிற்கிறது. அடக்குவதற்கு அங்கே அமிலமே இல்லை.

முதலில் மருந்து கெட்டுவிட்டதோ என்று புதுப் புட்டியை உடைத்தாள். அதுவும் ரோஜா. வெளியே வந்து கொல்லையில் நின்றாள். கொடியில் துணிகள் எல்லாம் மேற்குப் பக்கமாகப் படபடத்தன. மில் சிம்னியின் புகையும் மேற்கே, மலைப்பக்கம் போய்க்கொண்டிருந்தது. ஆனியிலும் ஆடியிலும் அதே புகை இந்தக் கொல்லையின் மேல் படுத்துக் கிடந்தது. நாலு தொட்டியில் சுத்தமாக அலசி எடுத்த ஈரத் துணி, காய்கிற நேரமெல்லாம் அந்தப் புகையைக் குடித்திருக்கிறது.

மறுநாள் சோடா போடவில்லை. தொட்டியிலிருந்து எடுத்த ஈரத் துணியில் ஒரு துண்டைக் கத்தரித்துச் சோதித்தாள். ஆவுடையம்மாள் அன்று கேட்ட அதே சோதனை. இரண்டு கிண்ணமும் அசையவில்லை. காய்ந்த பிறகும் அசையவில்லை. வெட்கம் என்றால் உடம்பில் எரிகிற ஒன்று என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டாள்.

அவள் வீட்டுக்காரர் பொன்னுராஜ் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் டைப்பிஸ்ட். சாயங்காலம் அவரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் காப்பியை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"அந்தம்மா மேல எழுதிக் கையெழுத்துப் போட்டது நீதான?"

"ஆமா."

"சோடா போட்டது எங்கயும் எழுதல?"

"இல்ல."

"அப்ப வாயத் தொறக்காத. அந்தக் கையெழுத்தே ஒன்னிய உள்ள தள்ளிரும். காத்து மாறிட்டுல்ல? பேசாம இரு."

அவள் பேசாமல் இருந்தாள். ஊரையே வாயால் வறுத்தெடுக்கிறவள், பேசவேண்டிய ஒரே விஷயத்தில் எட்டு மாதம் ஊமையாக இருந்தாள். அந்த எட்டு மாதமும் வீட்டில் எல்லார் மேலும் எரிந்து விழுந்தாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மண்டிபோட்டாள். சொல்லவேண்டியவளிடம் மட்டும் போகவில்லை. மில் வாசலில் ஆவுடையம்மாள் எதிர்ப்பட்டால் ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவாள்.

மறுபடி ஆனி வந்தது. மேல்காற்று வந்தது. கிண்ணம் சிவந்தது. அவள் கை தானாகவே சோடா டப்பாவைத் திறந்தது. ஆனால் புகை தினமும் ஒரே அளவாகவா வருகிறது? ஒருநாள் சோடா பற்றவில்லை, ஒருநாள் கூடிப்போயிற்று. அவள் சோதிப்பதோ ஒரு கட்டுக்கு ஒரு துண்டு. தேறியது என்று அனுப்பிய துணி ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தது. தீக்காயத்தில் வைத்துக் கட்டினால் எரிகிறது என்று நோயாளி கட்டைப் பிய்த்தெறிந்தாராம். கடிதத்தைப் படித்துவிட்டு அழகியமணவாளன் சிரிக்கக்கூட இல்லை.

"ஞானபாக்கியம், இதுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்."

அவள் பாதி உண்மையைச் சொன்னாள். "பக்கத்து மில்லுப் பொகைதான் சார். கந்தகப் பொகை. ஈரத் துணியில ஏறுது. அந்த எஞ்சினியரு சுண்ணாம்புத் தண்ணிய ஓட்டல. கோபுரத்தில வெள்ள ஆவியே கெளம்பல."

யாரையாவது கைகாட்டக் கிடைத்தால் அவருக்கும் போதும். அன்றே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு மனு பறந்தது. ஆடிப்பூரத் தேருக்கு ஐந்து நாள் இருக்கும்போது ஒரு அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். அழகியமணவாளனுக்குத் தேர் வேலை தலைக்கு மேல் கிடந்தது. சீக்கிரம் முடியட்டும் என்று சம்பத்குமாரையும் கம்பெனிக்கே வரச்சொல்லி, சோதனை அறையில் நாற்காலி போட்டார். ஜன்னல் வழியே மில்லின் சுண்ணாம்புக் கோபுரத்தைப் பார்த்தாள் ஞானபாக்கியம். உச்சியில் வெள்ளையாக ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. அதிகாரி வருகிறார் என்று தெரிந்ததும் சுண்ணாம்புத் தண்ணீரைத் திறந்துவிட்டிருக்கிறான். இன்றைக்குத் துணியைக் காயவைத்துச் சோதித்தால் எல்லாம் சுத்தமாக இருக்கும். பாவி, பாவி என்று உள்ளுக்குள் கறுவினாள்.

"ஒங்க புகாருக்கு என்ன ஆதாரம்?" என்றார் அதிகாரி.

அழகியமணவாளன் பெருமையோடு பதிவேட்டை எடுத்து நீட்டினார். "ஒம்பது வருஷக் கணக்கு இருக்கு சார். ஒரு நாள் விடாம எழுதியிருக்காங்க."

அதிகாரி புரட்டினார். பிறகு சம்பத்குமார் கைநீட்டி வாங்கிப் புரட்டினான். ஒரு பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"சார், போன வருஷம் ஆனியில துணி தேறல. காரணம்னு இந்த மேடமே எழுதியிருக்காங்க, அலசல் சரியில்லன்னு. அந்த ஆள மாத்துறாங்க. ஆடி பன்னண்டில இருந்து ஒரு கட்டு கூடத் தேறாமப் போகல. எங்க பாய்லர் அப்பவும் ஓடுச்சு, இப்பவும் ஓடுது, அதே கரி, அதே சிம்னி. பொகைதான் காரணம்னா ஆடியில எப்படி சார் சட்டுனு சரியாச்சு?" குரலில் அதே தேன். "அவங்க துரத்திவிட்ட அந்த அம்மாவ நான்தான் பாவம் பாத்து வேலைக்கு வச்சிருக்கேன். சுண்ணாம்பு கரைக்கிறதே அவங்கதான். தினமும் கரைச்சதுக்குக் கைநாட்டு வச்ச புஸ்தகம் இருக்கு. கூப்பிட்டுக் கேளுங்க."

ஒரு ஆள் போய் ஆவுடையம்மாளை அழைத்துவந்தான். ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்த வாசலைத் தாண்டி வந்தாள். கதவோரம் நின்றாள். ஞானபாக்கியத்தைப் பார்க்கவில்லை. தான் வேலை செய்த தொட்டிகள் இருந்த பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞானபாக்கியத்துக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வாயைத் திறக்காவிட்டால் பதிவேடு சம்பத்குமாருக்குச் சாட்சி. மனு தள்ளுபடி, புகை அப்படியே, ஆவுடையம்மாளின் மேல் குற்றம் அரசாங்க முத்திரையோடு நிலைத்துவிடும். வாயைத் திறந்தால் தன் கையெழுத்துக்கு இனி எந்தக் கம்பெனியிலும் மதிப்பில்லை. பொன்னுராஜ் சொன்னது காதில் ஒலித்தது. தீக்காயக்காரர் கட்டைப் பிய்த்தெறிந்ததும் கண்ணில் ஓடியது.

"அந்தப் பதிவேடு பொய் சார்," என்றாள்.

சம்பத்குமார் பக்கத்தில் வைத்த விரலை எடுத்தான்.

"ஆடி பன்னண்டில இருந்து நான் நாலாம் தொட்டியில சோடா போட்டேன். ஆசிட்ட மறைக்கப் போட்டேன். அந்தம்மா மேல எழுதிட்டு, அவுக போன பொறவும் செவந்துச்சு. சொல்ல வெக்கப்பட்டேன். அவுக அலசுனதுல ஒரு கொறையும் இல்ல. ஐப்பசியிலயே எனக்குத் தெரியும். தெரிஞ்சும் பேசாம இருந்தேன்."

அழகியமணவாளன் எழுந்து நின்றார். முகம் சிவந்து, திருமண் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. "என் கம்பெனித் துணியில, என்னக் கேக்காம, சோடாவா?" முதல் தடவையாக அவர் கத்துவதைத் தொழிலாளிகள் கேட்டார்கள். "வெளிய போங்க. இந்த நிமிஷமே வெளிய போங்க."

அதிகாரி கையைத் தூக்கி அவரை உட்காரச் சொன்னார். ஞானபாக்கியத்தைப் பார்த்து, "ஏம்மா, ஒரு வருஷம் பொய் எழுதியிருக்கீங்க. இப்ப நீங்க சொல்றத மட்டும் நான் எப்படி நம்பறது?" என்றார்.

அவர் கேட்டதில் தப்பில்லை.

சம்பத்குமார் தன் சுண்ணாம்புப் புத்தகத்தை மேஜை மேல் விரித்துவைத்தான். பக்கத்துக்குப் பக்கம் நீல மையில் கட்டைவிரல் ரேகை. "நீ சொல்லும்மா. தெனமும் சுண்ணாம்பு கரைக்கிறதானே? இது ஒன் ரேகைதானே?"

ஆவுடையம்மாள் மேஜைக்குப் பக்கத்தில் வந்தாள். புத்தகத்தைப் பார்த்தாள். பிறகு அதிகாரியைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டினாள்.

"ரேகை என்னுதுதான்யா. கையப் பாருங்க."

அதிகாரிக்குப் புரியவில்லை.

"ஒம்பது மாசமா தெனம் அஞ்சு மூட்ட சுண்ணாம்பு கரைச்சவ கையாய்யா இது? ஒரு நா கரைச்சாலே தோலு உரிஞ்சு போகும். கடசியா மூணு மாசத்துக்கு முன்ன ஒரு வெள்ளக்காரரு மில்லு பாக்க வந்தாரு, அன்னைக்குக் கரைச்சது. பொறவு இன்னைக்குக் காலையில கரைக்கச் சொன்னாவ." வலது கையைப் புரட்டிக் காட்டினாள். விரலிடுக்குகளில் புதிதாகச் சிவந்து கொப்புளம் கிளம்பியிருந்தது. மற்ற இடமெல்லாம் வழுவழுவென்று இருந்தது. "மத்த நாளெல்லாம் கரி அள்ளுதேன். மாசம் பொறந்தா முப்பது ரேகைய மொத்தமா வாங்கிக்கிடுதாவ. தண்ணி தூவுற கொழாய் சுண்ணாம்புல அடைச்சுக்கிடுதாம், கழுவ ஆளு கெடையாதாம். கொட்டகையில போய்ச் சாக்க அவுத்துப் பாருங்க. மழ ஈரம் பட்டுக் கல்லா இறுகிக் கெடக்கு."

"ஏய், நீ யாருகிட்ட என்ன பேசற தெரியுமா?" சம்பத்குமாரின் தேன் அந்த நிமிஷத்தில் வற்றிவிட்டது. "சோறு போட்ட எடத்துக்கே..."

"சோறு போட்டீய. இல்லன்னு சொல்லல." அவள் குரலை உயர்த்தவே இல்லை. "செஞ்ச வேலையச் செய்யலன்னு இந்தம்மா எழுதுனாவ. செய்யாத வேலையச் செஞ்சேன்னு நீங்க எழுதுதீய. எம் பேர எழுத ஆளாளுக்குப் பேனா இருக்கு. நான் எதுக்குய்யா ரெண்டுக்கும் சும்மா நிக்கணும்?"

அதிகாரி எழுந்து நேராகக் கொட்டகைக்குப் போனார். மூட்டைகள் கல்லாகத்தான் கிடந்தன. தூவும் குழாய்களில் பாதிக்கு மேல் அடைத்திருந்தன.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மூன்று மாதத்தில் உத்தரவு வந்தது. குழாயைச் சீராக்கி இரவும் பகலும் சுண்ணாம்புத் தண்ணீர் ஓடவேண்டும், கரைக்கிற ஆட்களுக்குக் கையுறை தரவேண்டும், சிம்னியை இன்னும் உயர்த்தவேண்டும். உயர்த்தினால் புகை இன்னும் தூரம் போய் எவன் தலையிலோ விழும். அந்த எவனோ மனுப்போட்டால் அப்போது பார்த்துக்கொள்வார்கள். அடுத்த ஆனியில் பேண்டேஜ் துணி தேறியது. சம்பத்குமாரை வேறு மில்லுக்கு மாற்றினார்கள், பதவி உயர்வோடு. அழகியமணவாளன் ஆள் அனுப்பி ஆவுடையம்மாளை மறுபடி அலசலுக்கு அழைத்துக்கொண்டார். ஞானபாக்கியத்தை எந்தக் கம்பெனியும் எடுக்கவில்லை. வீட்டில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தாள். தப்பாகச் செய்த கணக்கை அழித்து மறைக்கிற பிள்ளைக்கு மட்டும் அவளிடம் அடி விழும்.

ஆனால் இதெல்லாம் பிற்பாடு. அதிகாரி வந்த அன்றைக்கு இரண்டு பேருக்கும் வேலை போயிருந்தது. கம்பெனியிலிருந்து ஞானபாக்கியமும் மில்லிலிருந்து ஆவுடையம்மாளுமாக வெளியே வந்து, மத்தியான வெயிலில் ஒரே பஸ் ஸ்டாப்பில் நின்றார்கள். மேல்காற்று மண்ணை வாரி வீசியது. வெகுநேரம் பஸ் வரவில்லை. ஞானபாக்கியம் பதினைந்து வயது மூத்தவளை ஒருநாளும் முறைவைத்துக் கூப்பிட்டதில்லை. அன்று கூப்பிட்டாள்.

"ஆவுடையக்கா, என்னிய மன்னிச்சிருங்க. எல்லாருக்கும் முன்னால சொல்லிட்டேன்லா. ஒங்க மேல ஒரு தப்பும் இல்லன்னு சொல்லிட்டேன்."

ஆவுடையம்மாள் கொப்புளம் கிளம்பிய விரல்களை ஊதிக்கொண்டிருந்தாள். ஊதி முடித்துவிட்டு முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தாள்.

"சொன்னீய. கேட்டேன். ஐப்பசியில தெரிஞ்ச அன்னைக்கே எங் குடிசைக்கு நடந்து வந்து சொல்லியிருந்தா, அது எனக்காகச் சொன்னது. இன்னைக்கு அவன் ஒங்க புஸ்தகத்த வச்சு ஒங்களையே மடக்குன பொறவு சொன்னீய. அது ஒங்களுக்காகச் சொன்னது."

பஸ் வந்து நின்றது. ஆவுடையம்மாள் முன்வாசல் வழியாக ஏறி, காலியாகக் கிடந்த இரட்டை சீட்டில் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் தன் சோற்றுத் தூக்குவாளியை வைத்துக்கொண்டாள். ஞானபாக்கியம் ஸ்ரீவில்லிபுத்தூர்வரை நின்றுகொண்டே போனாள்.